ஆடுகளின் ஒற்றுமை யாருடையது?

ஒற்றுமைக்கு உதாரணமாக ஆடுபுலி ஆட்டத்தைக் காட்டுவது நமக்குப் பழக்கம். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது, நெருங்கி நின்று புலியை அடைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் 15 ஆட்டையும் நகர்த்துவது ஒரே கை. வெட்டுப்படும் ஆட்டிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. எங்கள் வரிச்சிக்குடித் திண்ணைகளில் சுற்றி நிற்பவர்கள் 'அந்த ஆட்ட எடுக்காதடா, வெட்டுக் குடுத்துருவ' என்று கத்துவார்கள். விதியில் இடமில்லாத அந்தக் கூச்சலில்தான் கூட்டுச் செயல்பாடு இருந்தது என்பேன்.

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்கள் அந்தக் கூச்சலையே விதியாக்கின. இவற்றின் வேர் ராணுவத்தில் இருக்கிறது. 1824இல் பிரஷ்ய அதிகாரிகளின் பயிற்சிக்கு ரைஸ்விட்ஸ் வகுத்த போர் ஆட்டத்தில் ஆடுபவர் தளபதி. படைகள் வெறும் காய்கள். மேலே ஒரு நடுவர். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி, தாம் நடத்திய போர் ஆட்டத்தில் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். காய்க்கு வாய் முளைத்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வழியில் வந்தது.

அதில் வீரருக்கு மந்திரம் கிடையாது, மந்திரவாதிக்கு உடல்வலு கிடையாது, காயம் ஆற்றுவது சமயகுரு. ஆளுக்கொரு குறை வைத்ததால் அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். வளர்ச்சிப் புள்ளியும் பெரும்பாலும் கொன்றதற்கல்ல, மீட்டுவந்த செல்வத்துக்கு. தனியாக வெட்டிப் பேர் வாங்குவதைவிடச் சேர்ந்து உயிரோடு திரும்புவதே லாபம். ஆக, ஒத்துழைப்பு இங்கே நல்ல மனசிலிருந்து வரவில்லை, விதியிலிருந்து வந்தது.

ஆனால் அந்தச் செல்வம் யாருடையது? குழுவுக்குள்ளே தோழமை, வெளியே 'அரக்கர்' என்று பெயரிடப்பட்ட மற்றமையின் மீது கொள்ளை. என்ன நடந்தது என்று சொல்லும் இறுதி அதிகாரமோ நடுவரிடம். 2013இல் ஏவரி ஆல்டர் உருவாக்கிய 'தி கொயட் இயர்' நடுவரை நீக்கியது. அழிவுக்குப் பின் ஒரு சமூகம் தன்னைக் கட்டியெழுப்பும் ஆட்டம் அது. ஒரு முடிவில் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்று நினைப்பவர் 'அவமதிப்பு வில்லை' ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

நம் கூட்டங்களில் அப்படி ஒரு வில்லை உண்டா? தீர்மானத்தை யார் எழுதியது என்று கேட்டால் 'இப்ப அது முக்கியமில்ல தோழர்' என்கிறோம். கேட்கப்படாதவரின் மனக்குறைக்கு இடம் வைக்காத அமைப்பில் 15 ஆடும் ஒரே கையில்தான்.