எவ்வளவு குடுக்கும்?

பழைய கார் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" ஏதோ கார் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற கேள்வி மாதிரி நமக்குத் தோன்றும். உண்மையில் அதற்கும் ஒரு வயது இருக்கிறது. 1960களில் கார் வாங்க நினைத்தவரின் முதல் கவலை, புக் பண்ணினால் வண்டி எத்தனை வருஷத்தில் கைக்கு வரும் என்பதுதான். மைலேஜ் என்ற சொல் கார் பேச்சின் நடுவே வந்து உட்கார்ந்த கதையைச் சொல்ல டெட்ராய்ட்டுக்கோ டோக்கியோவுக்கோ போகவேண்டாம். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் போதும்.

பெருங்களத்தூர். இன்று அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாகக் கண்ணாடிச் சுவரோடு நிற்கும் ஐ.டி. வளாகத்தின் இடத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய நிறுவனம். 1950களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு நிபந்தனை போட்டது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டித் தருவது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருக்கவேண்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. நின்றவை கல்கத்தா பக்கத்தில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். மூன்றில் சின்ன காருக்குப் பேர்போனது நம்ம ஊர்க் கம்பெனிதான். அது செய்த ஸ்டாண்டர்ட் 8க்கு எஞ்சின் 803 சி.சி. 1961இல் வந்த ஹெரால்டுக்கு 948 சி.சி. அதே சமயம் அம்பாசடருக்கு 1489 சி.சி. சிக்கனமான குடும்பக் கார் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடிகள் இந்த ரோட்டோரம்தான் உருவாயின.

ஆனால் அப்போது சிக்கனம் யாருடைய உயிர்ப் பிரச்சினையும் இல்லை. தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு 1931 முதலே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போகிறவருக்கு சீசன் டிக்கெட் போதும். கார் என்பது டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் நின்ற பொருள்.

1973 அக்டோபரில் எல்லாம் மாறியது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய்க்கு சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை ஏற, வாஜ்பாய் நவம்பரில் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஹெரால்டின் வாரிசாக 1972இல் பெருங்களத்தூரில் வந்த கஸல் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொண்டது. எஞ்சின் சின்னதுதான். ஆனால் கார் வாங்குகிற கூட்டமே சுருங்கிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் கஸல் நின்றது, கம்பெனி வேன்கள் செய்து பிழைத்தது.

அடுத்து அரசு ஒரு புது வேலையைக் கையில் எடுத்தது: மக்களுக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பி.சி.ஆர்.ஏ. என்ற பெட்ரோலிய சிக்கன ஆராய்ச்சி சங்கம் 1978இல் உருவானது. அதன் அறிவுரைகளைப் பெட்ரோல் பங்க் சுவர்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 45இலிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், 80இல் போவதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும். டயரில் காற்று கால்வாசி குறைந்தால் பெட்ரோல் 5 முதல் 10 சதவீதம் அதிகம் செலவாகும். சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள். எல்லாமே சரியான அறிவுரைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியும் ஓட்டுகிறவரின் வலது காலைப் பார்த்துத்தான் பேசுகிறது.

ஓட்டுநரின் காலைவிடப் பெரிய மாற்றம் 1983 டிசம்பரில் வந்தது. மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., எடை சுமார் 650 கிலோ. அம்பாசடரோ 1,100 கிலோவுக்குக் குறையாது. கிட்டத்தட்ட பாதி எடை என்றால், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மறுபடி கிளம்ப ஆகும் சக்தியும் கிட்டத்தட்ட பாதி. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் ஒரு அம்பாசடர்காரரால் அந்த வித்தியாசத்தை எட்டிப்பிடிக்க முடியாது. எரிபொருளைச் சேமிக்கும் சின்ன வண்டிகளுக்கு அரசு வரிச் சலுகையும் கொடுத்தது. மைலேஜ் ஒரு அரசுக் கொள்கையாகவே ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து பெருங்களத்தூர் நேர் எதிர் திசையில் திரும்பியது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கிய அழகான பெரிய வண்டி. அதன் உடம்பை எடுத்துவந்து, 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று இறக்கினார்கள். உள்ளே வைத்தது 1991 சி.சி. எஞ்சின், 1940களின் வேன்கார்ட் எஞ்சினின் வழிவந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். விலை அதிகம், இழுவை கம்மி, பெட்ரோல் குடிக்கும். மூன்று வருஷம்கூட முழுசாகத் தாக்குப்பிடிக்கவில்லை; 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. சின்ன காருக்குப் பேர்போன ஆலை, நாடே சின்ன கார் கேட்டபோது பெரிய காரோடு நின்றுகொண்டிருந்தது. கேட் மூடியபோது பாதிக்கப்பட்டது கம்பெனி மட்டும் இல்லை, அந்த வேலையை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களும்தான்.

1990களில் குரோம்பேட்டை, செலையூர், மடிப்பாக்கம் வீடுகளின் வாசலுக்கு கார் வந்தபோது அது பெரும்பாலும் மாருதி 800தான். அதோடு ஒரு தனி ஞானமும் வளர்ந்தது. மெக்கானிக் ஷெட்டில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் ஊதி வைப்பார்கள். சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, அதை மறுபடி உள்ளே தள்ள மறந்தால் திட்டு விழும். வண்டி சமதளத்தில் ஒரு ஆள் தள்ளினால் லேசாக உருளுதா, இல்லை பிரேக் பிடிச்சிருக்கா என்று தள்ளிப் பார்ப்பார்கள். டேங்க்கை ஃபுல் பண்ணி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஃபுல்லுக்கு எத்தனை லிட்டர் போச்சு என்று டைரியில் எழுதிய அப்பாக்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய வண்டியின் உடல்நிலையைச் சொல்ல இன்றும் அதைவிட நல்ல கணக்கு கிடையாது. மைலேஜ் திடீரென்று விழுந்தால் பிளக்கோ, ஏர் ஃபில்டரோ, பிரேக்கோ ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

அந்த ஞானத்தில் ஒரு பகுதி காலாவதியும் ஆனது. பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரல் போட்டு உருண்டு வருவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். 2000இல் புகை விதிகளுக்காக மாருதி 800க்கு எம்.பி.எஃப்.ஐ. என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் பாய்ச்சும் முறை வந்தது. இந்த எஞ்சினில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், பெட்ரோல் பாய்வது அடியோடு நின்றுவிடும். நியூட்ரல் போட்டாலோ ஐடிலிங்குக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்குக்கும் எஞ்சினின் துணை இருக்காது. அப்பா சேமித்த அதே வழியில் மகன் வீணாக்கலாம்.

இனி ரோட்டைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஓடும் ஒரு சின்ன எஞ்சின், மணிக்கு சுமார் அரை லிட்டர் குடிக்கும். ஏ.சி. போட்டால் இன்னும் கொஞ்சம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரில் சிக்கி, பரனூர் டோல்கேட் வரைக்கும் ஊர்ந்து போனவர்களுக்கு 45–55 என்கிற அறிவுரை எப்படிக் கேட்கும்? தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் பாலங்கள் வந்தன, வெளியூர் பஸ்கள் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு மாறின. இப்படிப்பட்ட முடிவு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வண்டிகளின் மைலேஜை மாற்றும்.

கடைசியாக, டேங்க்குக்குள் போவது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. 2023இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 படிப்படியாக வந்து, இன்று பங்க்கில் சாதாரணமாகக் கிடைப்பதே அதுதான். எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது, விவசாயிக்கு வருமானம் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6–7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. மாதம் 800 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 16 குடுக்கும் ஒரு பழைய காருக்குக் கணக்குப் போடுங்கள். 50 லிட்டர் போன இடத்தில் இனி 53. மாதம் 300 ரூபாய்க்கு மேல். டயருக்குக் காற்று அடித்து, ஃபில்டரைத் துடைத்து, சீராக ஓட்டி மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கே போய்விடுகிறது.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆனால் அந்த வண்டிகளும், அதே வயது சாண்ட்ரோக்களும் ஜென்களும் தாம்பரம் தெருக்களில் இன்னும் ஓடுகின்றன. புது கார் வாங்க வசதியில்லாத ரிட்டயர்ட் ஆசிரியரும், முதல் கார் வாங்கும் டெலிவரிப் பையனும்தான் பெரும்பாலும் அதன் ஓனர்கள். வண்டியின் எடையை கம்பெனி தீர்மானித்தது. ரோட்டையும் எரிபொருளையும் அரசு தீர்மானித்தது. கணக்கு மட்டும் எப்போதும் அவர்களின் வலது காலிடம் கேட்கப்பட்டது, ஐம்பது வருஷமாக.

அதனால் கால் கவனமாக இருக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 15 நாளுக்கு ஒரு தடவை காற்று பாருங்கள், தேவையில்லாத சுமையை டிக்கியிலிருந்து இறக்குங்கள், தூரத்தில் சிவப்பு தெரிந்தால் அப்போதே காலை எடுங்கள், பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்களை ஒரு தடவை செக் பண்ணிக்கொள்ளுங்கள். டைரியும் எழுதுங்கள். அந்த டைரிக்கு இப்போது இன்னொரு பயனும் இருக்கிறது. மைலேஜ் குறைந்தது உங்கள் ஓட்டத்தாலா, பங்க்கில் மாறிய எரிபொருளாலா என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.