கெடாத் தோட்டங்களில் தொலைக்காட்சி: ஒரு தலைமுறையின் நினைவும் வரலாறும்

கெடா மாநிலத் தோட்டங்களில் பிறந்து, இன்று ஐம்பது அறுபது அகவையை எட்டியுள்ளோரிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால், பேச்சு விரைவிலேயே தொலைக்காட்சிக்கு வந்து சேரும். எந்தப் படம் பார்த்தோம் என்பதற்கு முன்பாக, யார் வீட்டில் பார்த்தோம் என்பதையே அவர்களுள் பலர் சொல்லத் தொடங்குவர். அந்த வரிசை கருதத்தக்கது. பழமையை எண்ணி ஏங்கும் மனம் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அந்நினைவுகளை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள இயலுமா, இயலுமெனில் எவ்வாறு கொள்வது என்பதை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கமாகும்.

தொலைக்காட்சிக்கு முன்பே கூடிப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் வேரூன்றியிருந்தது. 1946-ஆம் ஆண்டில் மலாயா வானொலியும் மலாயாத் திரைப்படப் பிரிவும் தோன்றின. தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கு வந்து, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டின. பாயும் சாக்கும் விரித்து, லயத்து மக்கள் அனைவரும் ஒரே திரையை நோக்கி அமர்ந்தனர். பின்னர் வந்த தொலைக்காட்சியையும் தோட்டம் இப்பழக்கத்தோடுதான் வரவேற்றது.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் தொடங்கியது. தொடக்கத்தில் கோலாலம்பூரும் அதன் சுற்றுவட்டாரமுமே அதனைக் கண்டன; ஏனைய மாநிலங்களை அது படிப்படியாகவே எட்டியது. 1969-ஆம் ஆண்டு நவம்பர் 17-இல் இரண்டாம் அலைவரிசையும், 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் வண்ண ஒளிபரப்பும் வந்தன. கெடாவில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் அமைந்தது. கடல்வழி வந்த பண்டை வணிகர்களுக்குக் கடாரத்தின் அடையாளமாக நின்ற அதே மலையை நோக்கிப் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் ஏரியல் கம்பங்கள் திருப்பப்பட்டன. ஒருவர் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் வீட்டினுள்ளிருந்து "போதும், போதும்" எனக் குரல் கொடுப்பது அக்கால மாலைகளின் வழக்கமான காட்சி.

ஆயினும் கோபுரம் எழுந்ததனால் மட்டும் லயத்தில் படம் தெரிந்துவிடவில்லை; அதற்கு மின்சாரம் வேண்டும். பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே இயங்கியது. அதுவும் இல்லாத இடங்களில் காரின் மின்கலத்தைக் கொண்டு தொலைக்காட்சியை இயக்கினர். பெட்டியின் விலையோடு ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணமும் இருந்தது. நாட்கூலியில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு இவை எளியனவல்ல. ஆகவே கிராணியார் வீட்டிலோ மளிகைக் கடையிலோ சமூகக் கூடத்திலோ இருந்த ஒரு பெட்டியே பல குடும்பங்களுக்குப் பொதுவாயிற்று.

இரண்டு அலைவரிசைகளை நான்கு மொழிகள் பகிர்ந்துகொண்டதால் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. செய்தியும் தமிழ்த் திரைப்படமும் அதனுள் அடங்கின. அந்த அருமையே தமிழ்ப் படம் வரும் நாளைத் திருநாளாக்கிற்று. தமிழுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் பிறமொழி நிகழ்ச்சிகளையும் பார்த்தனர். பினாங்கில் பிறந்த பி. ரம்லியின் மலாய் நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்தபடியே, பாடநூலில் காணாத மலாய்ப் பேச்சையும் கற்றனர். 1972-ஆம் ஆண்டு ஜூன் 19-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியதும் பெட்டி வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது.

இங்கே நாம் ஒரு கணம் நிதானித்தல் வேண்டும். ஏக்கம் இனிமையை மட்டுமே தேர்ந்தெடுத்துக் கொள்ளும் இயல்புடையது. கிராணியார் வீட்டில் கூடத்தில் அமர்ந்தவர் யார், வாசற்படியோடு நின்றவர் யார், சன்னற் கம்பியைப் பற்றியபடி வெளியே நின்றவர் யார் என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய பெற்றோர் பாதிப் படத்தில் உறங்கச் சென்றதையும், அடுப்படி வேலையால் பெண்பிள்ளைகள் தொடக்கத்தைத் தவறவிட்டதையும், மின்னாக்கி நின்றதும் முடிவு தெரியாமலே எல்லாரும் எழுந்து போனதையும் வற்புறுத்திக் கேட்டால்தான் சொல்வர். மகிழ்ச்சி மெய்யானது, அதனூடே நின்ற ஏற்றத்தாழ்வும் மெய்யானது. இரண்டையும் ஒருங்கே பதிவு செய்வதே வரலாறு.

பின்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் விட்டன. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களின் மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட அதே 1996-ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பும் தொடங்கி, வானவில் என்னும் தமிழ் அலைவரிசையை இல்லந்தோறும் கொண்டு வந்தது. தமிழ் நிகழ்ச்சிகள் பெருகின. அவற்றைக் கூடிப் பார்த்த கூட்டமோ ஏற்கெனவே கலைந்துகொண்டிருந்தது. பழைய படங்களை இன்று எவரும் தேடிப் பார்க்கலாம். அவற்றைப் பார்த்தும் ஏக்கம் தீராமைக்குக் காரணம், அருகில் அமர்ந்தவர்கள் இல்லாமையே.

ஒளிபரப்பானவற்றுக்கு நிலையங்களிலும் நாளேடுகளிலும் பதிவு உண்டு. பார்த்தவர்களுக்குப் பதிவு அவர்தம் நினைவு ஒன்றே. தோட்டத்துச் சிறுவயது எழுதத்தக்க பொருள் என்பதைப் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம், 1981-இல் வெளிவந்த தம் ஆங்கில நாவலான ‘தி ரிட்டர்ன்’ வாயிலாக மெய்ப்பித்தார். ஹார்வர்ட் தோட்டத்தின் பிரிவுகள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. அத்தகைய பள்ளிகளில் பயிலும் மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் நான்கு வினாக்களை எழுப்பலாம்: பெட்டி யாருடையது? மின்சாரம் எங்கிருந்து வந்தது? நீங்கள் எங்கே அமர்ந்தீர்கள்? உள்ளே வராதவர் யார்? விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே, ஆண்டும் தோட்டப் பெயரும் குறித்து எழுதி வைக்க ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டும். விடை சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இப்பணியை அடுத்த பள்ளித் தவணைக்கு ஒத்திவைத்தல் தகாது.