மையமற்ற இணையம்

தனியொரு நிறுவனமோ அரசோ ஆட்டுவிக்க இயலாதவாறு, பல இடங்களில் பலர் வைத்திருக்கும் கணினிகள் பொது நெறிமுறைகளுக்கு உட்பட்டுத் தமக்குள் செய்தி மாற்றிக்கொள்ளும் வலையமைப்பு மையமற்ற இணையம் எனப்படும். ஓரிடம் பழுதானாலும் மற்றவை இயங்கும், ஒரே ஆணையால் எவரையும் வாயடைக்க முடியாது, பயனரின் தரவு பயனரிடமே இருக்கும் என்பன இதற்குச் சொல்லப்படும் சிறப்புகள். இணையம் பிறந்தது இவ்வடிவில்தான். ஆயினும் ஓர் அடுக்கில் கலைக்கப்பட்ட மையம் இன்னோர் அடுக்கில் மீண்டும் முளைப்பதை அதன் வரலாறு நெடுகக் காணலாம்.

பேரனின் வகைப்பாடு

இத்துறையின் மூலவர் பால் பேரன் (1926–2011). அன்றைய போலந்தின் குரோத்னோ நகரில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தவர். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, சோவியத் ஒன்றியம் தாக்கினால் அமெரிக்கப் படைத் தலைமையின் ஆணைகள் எவ்வழியே போகும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அக்காலத் தொலைபேசி வலை சில பெரிய இணைப்பகங்களை நம்பியிருந்தது. அவற்றை அழித்தால் நாடே ஊமையாகும்.

1964இல் வெளிவந்த அவருடைய ஆய்வு வரிசையில் ஒரே புள்ளிக் கூட்டம் மூன்று விதமாக இணைத்து வரையப்பட்டுள்ளது. முதலாவதில் எல்லாப் புள்ளிகளும் நடுவிலுள்ள ஒன்றோடு மட்டும் இணைகின்றன. இது மையப்பட்ட வலை. இரண்டாவதில் பல சிறு நடுவங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி அதன் புள்ளிகள் நிற்க, நடுவங்கள் தமக்குள் இணைகின்றன. இது பரவலாக்கிய வலை. மூன்றாவதில் நடுவமே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்துப் புள்ளிகள் சிலவற்றோடு மீன்வலையின் முடிச்சுகள் போல இணைந்திருக்கும். இது பகிர்ந்த வலை. ஒரு புள்ளிக்கு மூன்று அல்லது நான்கு இணைப்புகள் இருந்தாலே, பெருஞ்சேதத்துக்குப் பின்னும் எஞ்சியவை தமக்குள் பேச முடியும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செய்தியை 1024 பிட் கொண்ட துண்டுகளாக்கி அனுப்ப வேண்டும், இடைப்பட்ட நிலையம் துண்டைத் தேக்கி வைக்காமல் அப்போது திறந்திருக்கும் நல்ல வழியில் உடனே தள்ளிவிட வேண்டும் என்பதும் அவர் திட்டமே. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் இதை நடவாத காரியம் என்று ஒதுக்கியது. அதே பத்தாண்டில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்டு டேவிஸும் தனியே இதே முடிவுக்கு வந்தார்.

மையமற்றவை என்று இன்று விளம்பரப்படுத்தப்படும் சேவைகளுள் பெரும்பாலானவை பேரன் கணக்கில் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை அரிது.

ஆர்ப்பாநெட்டும் முகவரி அதிகாரமும்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அணுப்போரைத் தாங்கவே கட்டப்பட்டது என்பது பரவலான கதை. உண்மையில் விலையுயர்ந்த கணினிகளை ஆய்வாளர் பகிர்ந்துகொள்ளவே அது அமைந்தது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் செய்தி போயிற்று. இரண்டு எழுத்துகள் சேர்ந்ததும் மறுமுனை நின்றுவிட்டது. 1983 சனவரி 1 அன்று இவ்வலை டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது.

செய்தித் துண்டுகளான பொதிகளுக்கு மையம் தேவைப்படவில்லை, பெயர்களுக்குத் தேவைப்பட்டது. தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பேணியது. வலை பெருகியதும் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை பொறுப்பைக் கிளை கிளையாகப் பிரித்துக் கொடுத்தது. வேர் மட்டும் ஒன்றாகவே நின்றது. 1998 சனவரி 28 அன்று, முகவரி ஒதுக்கீட்டைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொண்டதும் வேர் வழங்கிகளுள் எட்டு தம் தலைமையை மாற்றிக்கொண்டன. அமெரிக்க அரசு தலையிட, சில நாள்களில் பழைய நிலை திரும்பியது. ஒரு தனிமனிதர் சொல்லுக்கு வேர் வழங்கிகளுள் பெரும்பகுதி அசைந்தது அனைவர்க்கும் உறைத்தது. அவ்வாண்டே இப்பெயர்களையும் முகவரிகளையும் நிர்வகிக்க ஐகான் அமைப்பு நிறுவப்பட்டது. அமெரிக்க அரசின் மேற்பார்வை முடிவுக்கு வந்தது 2016 அக்டோபரில்தான்.

போக்குவரத்து வழிகளை அறிவிக்கும் பிஜிபி நெறிமுறை டிஎன்எஸ் முறைக்கு நேர்மாறானது. அங்கே தலைமை இல்லை. அண்டை வலை சொல்வதை நம்புவதே விதி. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் மறைக்க பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்த பொய்வழி வெளியே கசிந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிட்டாமற்போனது.

யூஸ்நெட்

மையமற்ற அமைப்பின் நன்மை தீமை இரண்டையும் முழுதாகக் காட்டிய சோதனை யூஸ்நெட். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் இதைத் திட்டமிட்டனர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். கணினிகள் கட்டணம் குறைந்த இரவு வேளையில் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துப் புதிய செய்திகளை மாற்றிக்கொள்ளும். உரிமையாளர் கிடையாது, சேர அனுமதி தரும் அலுவலகம் கிடையாது. அண்டைக் கணினி ஒன்று ஒப்பினால் போதும். கடல் கடந்த தமிழர் கூடிய சாக்.கல்ச்சர்.டமில் குழுவும் இங்கேதான் இருந்தது.

தொலைபேசிக் கட்டணத்தை யார் கட்டுவது? பெரும்பங்கைச் சுமந்த சில நிலையங்களின் நிர்வாகிகளே எந்தக் குழு நாடெங்கும் போகலாம் என்பதை முடிவு செய்பவர்களாயினர். 1987இல் குழுக்களின் பெயரமைப்பு முழுவதையும் அவர்கள் மாற்றினார்கள். அதற்கு இணங்காதவர்கள் அவ்வாண்டே ஆல்ட் என்ற தனிக்கிளை கண்டனர். கேட்பாரில்லாத வெளி என்றால் எப்படியிருக்கும் என்பதற்கு அக்கிளையே சான்று. பிறர் பெயரில் பொய்யாக நீக்கல் கட்டளை அனுப்பி அவர் செய்தியை அழிப்பதுகூட அங்கு எளிதாயிருந்தது.

1994 ஏப்ரல் 12 அன்று அரிசோனாவின் வழக்கறிஞர் இணையர் இருவர் குடியேற்ற அட்டை விளம்பரம் ஒன்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் கொட்டினர். முன்கூட்டித் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. எரிதங்களும் பெருங்கோப்புகளும் சேர்ந்து வழங்கிகளின் சுமையைத் தாங்கமுடியாததாக்கின. 2010 மே மாதம், எங்கே பிறந்ததோ அந்த டியூக் பல்கலைக்கழகமே தன் யூஸ்நெட் வழங்கியை நிறுத்தியது. பழைய செய்திகளின் பெரும் தொகுப்பை 2001இல் வாங்கியது கூகுள். உரிமையாளர் இல்லாத வலையின் நினைவு அவ்வாறு ஒரு நிறுவனத்தின் உடைமையாயிற்று. மின்னஞ்சலுக்கும் இக்கதியே. வழங்கி அமைக்க யாருக்கும் தடையில்லை, ஆனால் பெரிய நிறுவனங்களின் எரித வடிகட்டி ஏற்காவிட்டால் சிறியவர் அனுப்பிய கடிதம் போய்ச் சேராது.

பின்வந்தவை

1999இல் தோன்றிய நாப்ஸ்டரில் பாடல்கள் பயனர்களிடமிருந்தன, அட்டவணையோ நிறுவனத்திடம் இருந்தது. அதனால் 2001இல் நீதிமன்றம் அதை நிறுத்த முடிந்தது. அட்டவணை ஒரே இடத்தில் இல்லாத நுடெல்லா, பிட்டொரென்ட் ஆகியவற்றை அவ்வாறு நிறுத்த இயலவில்லை.

2016இல் யூஜென் ரோக்கோ வெளியிட்ட மாஸ்டடான், தனித்தனி வழங்கிகள் கூட்டாக இயங்கும் சமூக வலை. வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை அடுத்து 2019 நவம்பரில் இந்தியர் பலர் இதற்குப் பெயர்ந்தனர். அவ்வாண்டே கேப் என்ற தீவிர வலதுசாரித் தளம் இதே மென்பொருளை எடுத்துக்கொண்டது; உருவாக்கியவராலும் அதைத் தடுக்க முடியவில்லை, மற்ற வழங்கிகள் விலக்கிவைத்ததோடு சரி. வழங்கியை நடத்துபவர் பெரும்பாலும் தன்னார்வலர். அவர் சலித்து மூடினால் அங்குள்ளோரின் பழைய பதிவுகள் போய்விடும்.

பிளாக்செயின் ஆர்வலர் இச்சிக்கல்களைக் கணிதத்தால் வென்றதாகக் கூறுவர். ஆனால் 2014 சூனில் பிட்காயின் கணிப்புத் திறனில் பாதிக்கு மேல் ஒரே சுரங்கக் கூட்டின் கைக்குச் சென்றது. 2016இல் ஈத்தரீயம் என்ற பிளாக்செயினில் இயங்கிய தி டாவோ நிதியிலிருந்து ஏறத்தாழ 36 லட்சம் ஈதர் களவுபோனதும், மாற்றவே முடியாது எனப்பட்ட பேரேடு பெரும்பான்மையர் இசைவுடன் திருத்தப்பட்டது. திருத்த மறுத்தோர் ஈத்தரீயம் கிளாசிக் எனப் பிரிந்தனர். 2020 நவம்பரில் இன்ஃபியூரா என்ற ஒரே நிறுவனத்தின் சேவை தடைப்பட, ஈத்தரீயப் பணப்பைகள் பல இயங்கவில்லை.

இன்று மெட்டாவின் திரெட்ஸ், மாஸ்டடான் பின்பற்றும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையைப் பகுதியளவில் ஏற்றுள்ளது. புளூஸ்கை என்ற மற்றொரு சமூக வலை வேறு நெறிமுறை கொண்டது. அதன் பயனருள் மிகப் பெரும்பாலோர் கணக்கு அந்நிறுவன வழங்கிகளிலேயே உள்ளது.