நுரையும் தீட்டும்: இந்தியச் சவரச் சோப்பின் வரலாற்றில் ஓர் இடைவெளி

வடஇந்தியாவில் சவரத்தைக் குறிக்கும் ‘ஹஜாமத்’ என்னும் சொல், அரபு மொழியின் ‘ஹிஜாமா’வோடு வேரொன்றியது. ஹிஜாமா என்பது குருதி வாங்கும் மருத்துவ முறை. குருதி வாங்கியவரே மயிரும் மழித்ததால் ஒரு தொழிலின் பெயர் மற்றொன்றுக்கு ஏறியது. இச்சொல், சவரம் என்பது பிறர் கை தன் உடலைத் தொடுவதை ஏற்றுக்கொள்ளும் செயல் என்பதையும் நினைவூட்டுகிறது.

சோப்பு பரவலாவதற்கு முன்பு நாவிதர் நீரைத் தொட்டு விரல்களால் நெடுநேரம் தேய்த்தே மயிரை இளக்கினார். நுரை செய்வதும் அதே வேலைதான். சோப்பு மயிரின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்குகிறது. நுரை நீரைக் காயவிடாமல் முகத்தில் பிடித்து வைக்கிறது. நீரேறிய மயிர் எளிதில் அறுபடுகிறது. விரல்களின் உழைப்பில் ஒரு பகுதியை நுரை ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆனால் நல்ல நுரைக்குக் கொழுப்பு வேண்டும். தேங்காயெண்ணெய் விரைவாகவும் மிகுதியாகவும் நுரைக்கும். ஆயினும் அந்நுரை விரைவில் தளரும். நிலைத்து நிற்கும் அடர்ந்த நுரைக்கு ஸ்டியரிக் அமிலம் தேவை. ஐரோப்பியச் சோப்புகளில் அதைத் தந்தது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய ஐயம் 1857-இல் பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாக அமைந்த நாட்டில், முகத்தில் பூசும் கொழுப்பு சிறிய செய்தியன்று. பம்பாயில் பூட்டுத் தொழிலால் பெயர் பெற்ற அர்தேஷிர் கோத்ரெஜ், 1918-இல் விலங்குக் கொழுப்பு கலவாத சோப்பை வெளியிட்டார். அதற்குப் பூட்டின் துணையான ‘சாவி’யின் பெயரையே இட்டார். பின்னாளில் அந்நிறுவனத்தின் வட்டச் சவரச் சோப்பும் வீடுகளில் இடம்பிடித்தது.

மணத்தின் கதையும் அக்காலத்ததே. 1914-இல் மூண்ட உலகப்போரால் ஐரோப்பாவுக்கான ஏற்றுமதி தடைப்பட, மைசூரில் சந்தனக்கட்டை தேங்கியது. 1916-இல் அரசே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. சந்தனச் சோப்பு பிறந்தது. பூசையறையின் மணம் குளியலறைக்கு வந்தது.

கொழுப்பின் தீட்டு இவ்வாறு நீங்கியது. தொடுகையின் தீட்டு என்னவாயிற்று? சவரம் முடிந்ததும் குளித்த பிறகே வீட்டினுள் நுழைய வேண்டும் என்ற வழக்கத்தில் நாவிதரின் கையும் தீட்டாகவே எண்ணப்பட்டது. ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக்கத்தியும் சோப்பும் சேர்ந்து அந்தக் கையையே தேவையற்றதாக்கின. தீட்டு என்னும் கருத்து விசாரிக்கப்படவில்லை, ஓசையின்றித் தவிர்க்கப்பட்டது.

அதை விசாரித்தவர்கள் வேறு. ‘சாவி’ வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1890-இல், அதே பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நாவிதர்கள் கூடினர். விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை எனத் தீர்மானித்தனர். தீண்டத் தகாதது என ஒதுக்கிய கையைத்தான் சாத்திரம் தன் கொடுமைக்குக் கருவியாக்கியிருந்தது. அந்தக் கை கருவியாக இருக்க மறுத்தது.

சோப்பின் வரலாறு தொழிலதிபர்களையும் திவான்களையும் பதிவு செய்திருக்கிறது. நுரையின் தூய்மையை எழுதும்போது, அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்த விரல்களையும் சேர்த்து எழுதினால்தான் அவ்வரலாறு நிறைவுபெறும்.