நீர்த்தெள்ளு பிழைத்தால் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா?

வலிகாமத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பைக்குள் கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையும் இருக்கிறது. இடம்பெயர்ந்த காலங்களில் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய பைதான் அது. சுன்னாகம் கழிவெண்ணெய்ப் பிரச்சினைக்குப் பிறகு அந்தப் பையில் இந்தத் தாளும் சேர்ந்துகொண்டது.

உரும்பிராயில் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் இத்தகைய தாள்களை வாசித்து விளக்கும்படி என்னிடம் கேட்பார்கள். கூடவே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கிணத்துக்க மீன் ஓடுது, பூச்சி நீந்துது. அப்ப தண்ணி நல்லம்தானே, சேர்?"

இந்தக் கேள்வியை விஞ்ஞானமும் கேட்டிருக்கிறது. தொழிற்சாலை இரசாயனங்கள் நீர்வாழ் உயிரிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை அறிய உலகெங்கும் செய்யப்படும் அடிப்படைச் சோதனைகளில் ஒன்று, நீர்த்தெள்ளு மீது செய்யப்படும் குறுகிய காலச் சோதனை. அது எப்படிச் செய்யப்படுகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளங்கிக்கொண்டால் எங்கள் கிணறுகள் பற்றிய அறிக்கைகளையும் சரியாக வாசிக்கலாம்.

ஒரே பாறை, ஒரே நீர்

உரும்பிராயும் சுன்னாகமும் சில கிலோமீற்றர் இடைவெளியில் உள்ள ஊர்கள். இரண்டும் வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையின் மேல் இருக்கின்றன. இந்தப் பாறை வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. மழைநீர் அதற்குள் வேகமாக இறங்குகிறது. நிலத்தில் கொட்டப்படும் எண்ணெயும், தோட்டத்துக்குப் போடும் உரமும், மலசலகூடக் குழியின் கழிவும் அதே வழியால் இறங்கக்கூடியவை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 காலப்பகுதியில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றி 1.5 கிலோமீற்றருக்குள் இருந்த 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய், கிறீஸ் அளவு நியமத்துக்கு மேல் இருந்தது. விவகாரம் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்கும் பின்னர் உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்கென 2 கோடி ரூபாவைச் செலுத்துமாறு நோதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

அந்த ஆய்வு அளந்தது நீரில் இருந்த எண்ணெயின் மொத்த அளவை. அந்த எண்ணெய் ஓர் உயிருக்கு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. நீர்த்தெள்ளுச் சோதனை வருவது அங்கேதான்.

நீர்த்தெள்ளு என்பது எது?

பெயரில் தெள்ளு இருந்தாலும் இது நாயிலும் பூனையிலும் ஒட்டும் தெள்ளு அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சிறிய நீர்வாழ் உயிரி. துள்ளித் துள்ளி நீந்துவதால் அந்தப் பெயர். அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு டப்னியா, மொயினா என்ற பெயர்களில் மீன்குஞ்சுத் தீனியாகத் தெரிந்திருக்கும்.

ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படுவது டப்னியா மக்னா என்ற இனம். வளர்ந்தால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். உடல் கண்ணாடிபோல் இருப்பதால் நுணுக்குக்காட்டியின் கீழ் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். நீரிலுள்ள பாசியை வடித்துத் தின்னும். தான் சிறு மீன்களுக்கு இரையாகும். இது அழிந்தால் மேலே மீன் குறையும், கீழே பாசி பெருகும்.

இதைத் தெரிவுசெய்ய இன்னொரு காரணமும் உண்டு. நல்ல சூழலில் பெண் தெள்ளு ஆண் இல்லாமலே குஞ்சு ஈனும். குஞ்சுகள் தாயின் நேர்ப்பிரதிகள். ஒரே பரம்பரை இயல்புள்ள நூறு உயிர்களைச் சோதனைக்கு எடுத்தால், முடிவில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இரசாயனத்தால் வந்தது என்று சொல்லலாம். சுவீடன் நாட்டு நீரியலாளர் ஐனார் நௌமன் 1930களிலேயே இதைச் சோதனை உயிரியாகப் பயன்படுத்தினார்.

48 மணி நேரம்

இன்று உலகம் பின்பற்றும் முறை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பின் 202ஆம் இலக்க வழிகாட்டி. 2004இல் திருத்தப்பட்டது. சுருக்கம் இதுதான்:

• பிறந்து 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளே சோதனைக்கு எடுக்கப்படும்.
• இரசாயனம் குறைந்தது ஐந்து செறிவுகளில் கரைக்கப்படும். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள், ஐந்து ஐந்தாக நான்கு பாத்திரங்களில் விடப்படும்.
• இரசாயனம் சேர்க்காத சுத்தமான நீரிலும் அதே எண்ணிக்கையில் குஞ்சுகள் விடப்படும். இது கட்டுப்பாடு.
• வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை. தீனி போடுவதில்லை.
• 24ஆம், 48ஆம் மணிகளில் பாத்திரத்தை மெதுவாக அசைப்பார்கள். அடுத்த 15 செக்கனுக்குள் நீந்தாத குஞ்சு அசைவிழந்தது என்று எண்ணப்படும்.

இறப்பை அல்லாமல் அசைவிழப்பை எண்ணுவதற்குக் காரணம் எளிது. இவ்வளவு சிறிய உயிர் எப்போது இறந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். நீந்தாத தெள்ளு இயற்கையில் எப்படியும் தப்பாது.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. லீற்றருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என ஐந்து செறிவுகள். 20 குஞ்சுகளில் முறையே 0, 2, 7, 14, 20 அசைவிழக்கின்றன. பாதிக் குஞ்சுகள் அசைவிழக்கும் செறிவு 4க்கும் 8க்கும் இடையில், ஏறக்குறைய 5.4 மில்லிகிராம். இந்த எண்ணையே ஈசி50 என்பார்கள். இது சிறிதாக இருந்தால் நஞ்சு கடுமையானது. உலகளாவிய இரசாயன வகைப்படுத்தலில் 1 மில்லிகிராம் வரை முதலாம் வகை, அதற்கு மேல் 10 வரை இரண்டாம் வகை, 100 வரை மூன்றாம் வகை.

கட்டுப்பாட்டுப் பாத்திரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அசைவிழந்தால் முழுச் சோதனையும் செல்லாது. நல்ல நீரிலேயே தெள்ளுக்கு வருத்தம் என்றால் இரசாயனத்தில் பழி போட முடியாது.

எண்ணெய் என்றால் சிக்கல்

எண்ணெய் நீரில் கரையாது. மேலே படையாக மிதக்கும். அந்தப் படையில் மாட்டும் தெள்ளு நஞ்சால் அல்ல, ஒட்டிக்கொண்டதாலேயே அசைவிழக்கும். ஆகவே எண்ணெயை நீர் மேல் விட்டு நீண்ட நேரம் மெதுவாகக் கலக்கி, அடைய விட்டு, படைக்குக் கீழிருக்கும் நீரை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். பென்சீன், தொலுயீன் போன்ற கரையக்கூடிய கூறுகள் அந்த நீரில் இருக்கும்.

கிணற்றுக்கும் இது பொருந்தும். மேலே எண்ணெய்ப் படை தெரியவில்லை என்பதால் நீரில் எதுவும் கரைந்திருக்கவில்லை என்று ஆகாது.

தெள்ளு வேறு, நாங்கள் வேறு

முதற் கேள்விக்கு வருவோம். உயிர் நீந்தும் நீர் குடிக்க நல்லதா? மூன்று பொருட்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது பென்சீன். 48 மணி நேரத்தில் பாதித் தெள்ளுகளை அசைவிழக்கச் செய்ய லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ தேவை. ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு வகுத்த வழிகாட்டி அளவு 0.01 மில்லிகிராம் மட்டுமே. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளிக்குள் தெள்ளு துள்ளிக்கொண்டிருக்கும். அந்த நீரை ஆண்டுக்கணக்காகக் குடிக்கும் மனிதருக்கு ஆபத்து இருக்கும்.

இரண்டாவது நைத்திரேற்று. எங்கள் செம்மண் தோட்டங்களின் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் யாழ்ப்பாணக் கிணறுகளில் இது கூடுவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். தெள்ளோ பல நூறு மில்லிகிராமையும் 48 மணி நேரம் தாங்கும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

மூன்றாவது மறுபக்கம். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். கிருமி அழிவதற்கு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின் இருக்கவேண்டும் என்பார்கள். எங்களுக்கு அது தீங்கில்லை. தெள்ளு அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே சாகும். முன்பு தோட்டத்துக்கு அடித்த குளோர்பைரிபோஸ் போன்ற பூச்சிமருந்தானால் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே போதும்.

ஆகவே தெள்ளு உயிரோடிருப்பது நீர் நல்லது என்பதற்குச் சாட்சி அல்ல. தெள்ளு செத்தது நீர் குடிக்கக்கூடாதது என்பதற்கும் தனியே சாட்சி அல்ல. கிணற்று மீனுக்கும் இதே நியாயம்தான். தெள்ளு பதில் சொல்வது குளத்துக்கும் கேணிக்கும் வாய்க்காலுக்கும். நேற்றுவரை நீந்திய உயிர்கள் ஒரேயடியாகச் செத்து மிதந்தால் அது அவசர எச்சரிக்கை. அந்த நீரைத் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 48 மணி நேரம் என்பது குறுகிய காலம். இரண்டு நாள் தப்பிய தெள்ளு, அதே நீரில் மூன்று கிழமை வாழ்ந்தால் குஞ்சு ஈனாமல் போகலாம். அதை அறிய 21 நாள் இனப்பெருக்கச் சோதனை தனியாக இருக்கிறது. "குறுகிய கால நச்சுத்தன்மை இல்லை" என்ற வசனத்தை "நஞ்சு இல்லை" என்று சுருக்கி வாசிப்பது தவறு.

அறிக்கையைக் கையில் எடுக்கும்போது

உங்கள் கிணறு பற்றிய தாளில் முதலில் பார்க்கவேண்டியது, சோதித்தது உங்கள் கிணற்று நீரையா அல்லது ஓர் இரசாயனத்தையா என்பது. பிறகு மாதிரி எடுத்த திகதி. மாரியிலும் கோடையிலும் ஒரே கிணற்றின் நீர் ஒரே மாதிரி இருக்காது. எந்தப் பொருட்கள் அளக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் நியம அளவு என்ன என்பதைப் பாருங்கள். "எண்ணெய், கிறீஸ்" என்று ஒரே எண் மட்டும் இருந்தால் அதற்குள் பென்சீன் உண்டா இல்லையா என்று அந்த எண் சொல்லாது. தனியாக அளக்கும்படி கேட்கவேண்டும். குடிநீர் என்றால் நைத்திரேற்றும் மலக்கிருமியும் கட்டாயம் பார்க்கப்பட்டிருக்கவேண்டும். ஓர் உயிரி மீது சோதனை செய்திருந்தால் எந்த உயிரி, எத்தனை மணி நேரம், கட்டுப்பாட்டின் முடிவு என்ன என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

தாளில் "பாதுகாப்பானது" என்று இருந்தால், யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, பழைய தாள்களோடு பையில் வையுங்கள். அடுத்த முறை சோதிக்கும்போது ஒப்பிட அது தேவைப்படும்.