மோரிஸ் மைனருக்குள் ஒரு தொலைபேசி

மோரிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அந்தக் காரில் வானொலி வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். இன்று அதே காரில் புளூடூத் வைக்கலாமா என்று கேட்டால் போதும், 'ஒரிஜினலக் கெடுக்காதீங்க' என்று நான்கு பேர் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குள்ள கேள்வி இதுதான்: எது ஒரிஜினல்?

காருக்குள் பாட்டு கேட்பதே பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்தான். 1930இல் பால் கால்வின் தன் ஸ்டூட்பேக்கர் காரில் ஒரு வானொலியைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிப்போய்க் காட்டினார். அந்த வானொலிக்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. அந்தப் பத்தாண்டிலேயே, பாட்டு ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும், தடைசெய்ய வேண்டும் என்ற விவாதமும் அமெரிக்காவில் எழுந்தது. 1946இல் செயின்ட் லூயிஸ் நகரில் கார் தொலைபேசிச் சேவை வந்தது. கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். கைக்கு ஓய்வே கிடையாது.

பழைய கார் இந்தப் புதுமைகளைச் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் மாமா ஒரு போமன். "மோரிஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியப் பாருடா. அந்தக் காடியில எல்லாமே தலைகீழு" என்பார். இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். மைனரிலோ நேர்முனை. இன்றைய ஸ்டீரியோவின் உலோகப் பெட்டி எதிர்முனையைச் சேர்ந்தது. அதை அப்படியே மைனரின் உடலில் முடுக்கினால் ஷார்ட் சர்க்யூட்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேட்டரியை மாற்றி இணைத்து, டைனமோவுக்கும் புதிய முனைப்பைக் கொடுத்து, முழுக் காரையும் இன்றைய முறைக்குத் திருப்புவது. மற்றொன்று, இரண்டு பக்க மின்சாரமும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துக் கொடுக்கும் மாற்றியை நடுவில் வைப்பது. நான் இரண்டாவது கட்சி. அதில் காரின் மின்சார வரலாறு அப்படியே இருக்கிறது. பழைய வானொலியின் முகமும் திருகும் குமிழும் வெளியே இருக்கட்டும், உள்ளே மட்டும் புளூடூத் பலகை போதும். மைக்கை வெயில் மறைப்பானில் செருகிவிடலாம். டேஷ்போர்டில் ஒரு புது ஓட்டையும் போட வேண்டியதில்லை.

ஆனால் 1930களின் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. கை காலியாக இருந்தாலும் பேச்சில் போன மனம் சாலைக்குத் திரும்பக் கொஞ்சம் நேரமாகும். மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்னால் போகிற புதுக் கார் சட்டென்று நிற்கிற தூரத்தில் அது நிற்காது. பாட்டு கேளுங்கள். அழைப்பு வந்தால், "ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சொல்லவே அந்த மைக் போதும்.

கழற்றிய பழைய உறுப்புகளைக் குப்பையில் போடாதீர்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, அவற்றோடு பெட்டியில் வையுங்கள். கார் வேறொருவர் கைக்குப் போகும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகட்டும். வானொலியை மறுபடி பழையபடி ஆக்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.