பிக்காசோ பாதிப்பில் புத்தர் கதை: கொழும்பு விகாரைச் சுவரில் ஜார்ஜ் கீட் செய்தது என்ன?

நம்ம ஊர் கோயில் சுவர்ல சாமி உருவம் கொஞ்சம் மாறினாலே பஞ்சாயத்து கூடிடும். ஆனால் 1939-40லேயே, மக்கள் பூ வைத்துக் கும்பிடும் புத்த விகாரையில் நவீன ஓவியம் ஏறிவிட்டது.

இடம், கொழும்பு பொரளையில் உள்ள கோதமி விகாரை. வரைந்தவர் கண்டியில் பிறந்த ஜார்ஜ் கீட் (1901-1993). பறங்கியர் குடும்பம்; பௌத்தத்தில் ஈடுபாடு வந்தது பிறகுதான்.

அவர் கதையை மாற்றவில்லை. புத்தரின் வாழ்க்கைக் கதை அப்படியேதான் இருக்கு. மாறியது கோடும் உடம்பும்தான். கண்டி மரபில் சிவப்புப் பின்னணியில், பட்டை பட்டையாகச் சின்ன உருவங்கள் வரிசையில் நின்று கதை சொல்லும். கீட்டோ சுவரை நிறைக்கும் பெரிய உருவங்களை, ஓங்கிய வளைகோடுகளில் இழுத்தார். பிக்காசோ, மத்தீஸ் பாதிப்பு தெரியும். சிகிரியாவும் அஜந்தாவும் கூடவே தெரியும்.

இதை முழு க்யூபிசம்னு சொல்வது கொஞ்சம் மிகை. உருவங்களை அவர் துண்டு துண்டாக உடைக்கவில்லை. கும்பிட வருபவருக்கு யார் புத்தர்னு தெரியணுமே, இது கேலரி இல்லையே!

அதே காலத்தில் களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் மென்மையான செவ்வியல் பாணியில் வரைந்துகொண்டிருந்தார். கொழும்பு போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இரண்டிலும் இன்னும் வழிபாடு நடக்குது, செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் போகணும்.